கண்மாய்க் கரைக்குப் பூவரசு

விளாத்திகுளம் வட்டாரத்தில் சீமைக் கருவேலத்தை அகற்றுவது புதிய சங்கதி அல்ல. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது கண்மாய் கண்மாயாக ஜேசிபி இறங்கியது. பிடுங்கிய இடத்தைச் சும்மா போட்டால் அடுத்த மழைக்கு அதுவேதான் முளைக்கும். அங்கே வேறு என்ன வைப்பது என்று யாரும் தச்சனைக் கேட்பதில்லை. நான் தச்சன்; என் பதில் பூவரசு.

காலையில் மஞ்சளாக விரிந்து சாயங்காலத்துக்குள் சிவந்துவிடும் அந்தப் பூவுக்காகச் சொல்லவில்லை, வைரத்துக்காகச் சொல்கிறேன். கருஞ்சிவப்பு நிறம், நெருக்கமான இழை. இழைப்புளி போட்டாலே பளபளப்பு வரும்; ஈரத்தில் லேசில் உளுக்காது. அப்பா மாட்டுவண்டி செய்த காலத்தில் வட்டைக்கு நாட்டுக் கருவேலம், ஆரக்காலுக்குப் பூவரசு. வேம்பார்ப் பக்கம் வள்ளம் கட்டுகிறவர்கள் கோணல் கிளையாகத் தேடி வாங்கிப் போவார்கள். வள்ளத்தின் விலாவான மணிக்காலுக்கு இயல்பிலேயே வளைந்த கட்டைதான் தாங்கும். நேர்ப் பலகையை வளைவாக அறுத்தால் இழை அறுந்துபோகும்.

இன்றைக்கு வண்டியும் இல்லை, வள்ளமும் ஃபைபராகிவிட்டது. கட்டிலும் கதவும் இன்னும் மரத்தில்தானே செய்கிறோம்? அதற்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தடியை நம்பியிருக்கிறோம்.

பருத்திக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் உண்டு. பூவரசும் பருத்தியும் ஒரே குடும்பம். பருத்தி விதையை உறிஞ்சும் சிவப்புப் பூச்சி பூவரசங்காயிலும் தங்கும். ஆகவே புஞ்சை வரப்பில் வேண்டாம். கண்மாய்க் கரை, சாலையோரம், பள்ளிக்கூட வளாகம், உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்கள் போதும். இன்னொரு பக்கம், கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களுக்குச் சீமைக் கருவேலம்தான் சோறு. பட்டா நிலத்தில் நிற்பதை அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும். நான் கேட்பது இந்தப் பொது இடங்களை மட்டும்.

நடுவதும் சுலபம். ஆள் உயரப் போத்தாக வெட்டி ஊன்றினால் வேர் பிடிக்கும், ஆட்டுக்கும் எட்டாது. நேரான தடி வேண்டுமென்றால் விதைக் கன்று நல்லது; அதற்கு முள்வேலி கட்ட வேண்டும். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் இரண்டு கோடைக்கு ஊரக வேலைத் திட்டத்தில் ஆள் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும்.

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் கன்று கொடுக்கிறது. கன்று நட்டுப் படம் எடுப்பதோடு பல ஊர்களில் கதை முடிகிறது. முற்றிய மரத்தை விற்கும் பணத்தில் ஊராட்சிக்கு எவ்வளவு, தண்ணீர் ஊற்றியவர்களுக்கு எவ்வளவு என்று நடும் நாளிலேயே கிராம சபையில் எழுதி வைக்க வேண்டும். பங்கு உண்டென்று தெரிந்தால், ஆடு மேய்ப்பவரே அந்தக் கன்றுக்கு முள் வெட்டிக் கட்டுவார்.