கோப்பு யாருடையது? தொலைநிலைக் கொள்கலன்களும் கைகழுவும் கணினி மையங்களும்

'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் பிழைச்செய்தியை ஆய்வு மாணவரின் கவனக்குறைவாகவே வாசிக்கும் பழக்கம் உயர்கல்வி நிறுவனங்களில் வேரூன்றியிருக்கிறது. மடிக்கணினியில் டாக்கர் கொள்கலனுக்குள் ஓடிய நிரல் மையத்தின் சர்வரில் நின்றுபோனால், அவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: "777 போட்டுவிடுங்கள்." எவரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று கதவையே கழற்றி வைக்கும் இந்த அறிவுரை தீர்வன்று, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழி.

சிக்கலின் வேர் எளியது. லினக்ஸ் கோப்பில் பதிவாகும் உரிமையாளர் பெயரன்று, எண். உபுண்டு மடிக்கணினியில் முதற்பயனருக்கு 1000 கிடைக்கிறது. துறையின் சர்வரில் அதே 1000 வேறொருவரைக் குறிக்கலாம். கொள்கலனுக்குள் இருக்கும் பயனரின் எண்ணும் மடிக்கணினிக்காரரின் எண்ணும் ஒன்றாக அமைவது தற்செயல். அந்தத் தற்செயலே 'என் கணினியில் ஓடுகிறதே' என்ற நம்பிக்கையின் அடித்தளம்.

படிமத்தைத் தொலைவிலுள்ள சர்வரில் கட்டும்போது அந்தத் தற்செயலும் உதவாது. மூலக்கோப்புகள் சர்வருக்கு அனுப்பப்படுகின்றன. டாக்கரின் காப்பி கட்டளையில் உரிமையாளரைக் குறிப்பிடாவிட்டால், படிமத்துக்குள் அவை அனைத்தும் சுழியம் என்ற எண்ணுக்கு, அதாவது ரூட்டுக்கு உரியவையாகின்றன. அடுத்த வரியில் சாதாரணப் பயனருக்கு மாறினால் அவரால் அவற்றில் எழுத முடியாது. பின்னர் தனி வரியில் உரிமையை மாற்றினாலோ, கோப்புகள் புதிய அடுக்கில் மீண்டும் ஒருமுறை பதிவாகும்; 10 ஜிபி தரவு 20 ஜிபி இடத்தை விழுங்கும். காப்பி கட்டளையிலேயே உரிமையாளரின் எண்ணைக் குறிப்பதே முறை.

"அப்படியானால் அந்த ஒரு வரியை மாணவர் கற்றுக்கொள்ளட்டுமே" என்பார்கள். பாதி உண்மைதான். எந்த எண்ணைக் குறிப்பது? மையம் தமக்கு என்ன எண் தரும் என்பதை மாணவர் எப்படி முன்கூட்டி அறிவார்? மையங்கள் டாக்கரை மறுப்பதில் நியாயம் உண்டு: டாக்கர் குழுவில் சேர்க்கப்படுபவர் நடைமுறையில் ரூட் அதிகாரம் பெற்றவராகிறார். பகிர்வுக் கணினிகளுக்கென லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்த சிங்குலாரிட்டி, 2021இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் சேர்ந்து ஆப்டெய்னர் ஆனது. அதில் வெளியே யாரோ, உள்ளேயும் அவரே. ஆகவே ரூட்டின் வீட்டுக் கோப்புறையில் நிறுவிய பைத்தான் நூலகங்கள் அவருக்கு எட்டாமல் போகலாம்.

ரூட் அதிகாரமின்றிக் கட்டவும் வழி உண்டு: ஒவ்வொரு பயனருக்கும் வழக்கமாக 65,536 துணை எண்களை ஒதுக்குவது. ஆனால் அந்த ஒதுக்கீட்டைச் செய்யக்கூடியவர் நிர்வாகி மட்டுமே. மாணவரால் அந்தப் பட்டியலைத் திருத்தவே முடியாது. அவருடைய வீட்டுக் கோப்புறை என்எஃப்எஸ் வழியே வருமானால், சேமிப்பு சர்வர் இத்துணை எண்களை அறியாமல் உரிமை மாற்றத்தை மறுக்கும். கட்டுமானம் பாதியில் முறியும். இதையும் மாணவரின் கணக்கில் எழுதுவது எந்த நியாயம்?

தேசிய மீக்கணினித் திட்டம் 2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்றது. வாராணசியின் பரம் சிவாய் தொடங்கி 2024இல் புணே, தில்லி, கொல்கத்தாவில் திறக்கப்பட்ட பரம் ருத்ரா வரை, பேச்செல்லாம் வேகத்தைப் பற்றியது. வாராணசியில் கட்டிய படிமம் கொல்கத்தாவில் வேறொருவர் கையில் அப்படியே ஓடுமா என்பதல்லவா ஆய்வுக்குரிய கேள்வி? மறுமுறை செய்துகாட்ட இயலாத முடிவு அறிவியலில் பாதி முடிவே. பகிர்வு வட்டில் 777 இட்டுவைத்த தரவை இடையில் ஒருவரும் தொடவில்லை என்று ஆய்வேட்டுத் தேர்வாளரிடம் எவர் உறுதி கூறுவார்?

செய்யவேண்டியவை அரிய செயல்கள் அல்ல. மையங்கள் துணை எண்களை ஒதுக்கி, உள்வட்டு உள்ள ஒரு கணுவைப் படிமம் கட்டுவதற்கென விடவேண்டும். துறைகள் முதல் பருவத்திலேயே கோப்பு உரிமையைக் கற்பிக்க வேண்டும். நிரல் எல்லோருக்கும் படிக்க மட்டும், முடிவுகள் வெளிக் கோப்புறையில் மட்டும் என்று படிமத்தை அமைத்தால், எந்த எண் என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. ரெட் ஹாட்டின் ஓப்பன்ஷிஃப்ட் இயல்பிலேயே முன்னறிய முடியாத எண்ணில் கொள்கலனை இயக்குகிறது; ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் அதே சோதனையை நெறியாளர் கேட்கலாம்.

மாணவர் தம் பங்கைக் கற்றுக்கொள்வார். எண்களை ஒதுக்கும் அதிகாரத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, பழியை மட்டும் அவர்மீது இறக்கும் வழக்கத்தை நிறுவனங்கள் முதலில் கைவிடட்டும்.