கேபிளின் வெளிமுகத்தில் ஓடும் மின்னோட்டமும் அதற்கு ஒரு பெயரும்

புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் ரேடார் இயங்குகிறது. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், 1024 யாகி ஆன்டெனாக்களைக் கொண்டு, வளிமண்டலம் திருப்பியனுப்பும் மிக நலிந்த எதிரொலிகளை அது வாங்குகிறது. நலிந்த சமிக்ஞையை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதே அங்குள்ள பணியில் பாதி எனலாம். அதே வட்டாரத்தில் மொட்டைமாடியில் கம்பி கட்டி, 7 மெகாஹெர்ட்ஸில் பேச முயலும் ஹாம் வானொலி மாணவருக்கும் சிக்கல் அதுவே. ஆனால் அவர் நம்பியிருப்பது பெரும்பாலும் ஓர் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மட்டுமே. அதன் முள் 1.1-ஐத் தொட்டதும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார். அந்த மீட்டர் சொல்லாத செய்தியைக் கற்பிக்காத வானொலிப் பயிற்சி அரைகுறையானது.

கோஆக்சியல் கேபிளில் கண்ணுக்குத் தெரியும் கடத்திகள் இரண்டு. உயர் அதிர்வெண்ணில் அவை மூன்றாகின்றன. 7 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ 25 மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே பெரிதும் அடங்கிவிடுவதால், வலையுறையின் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனிக் கடத்திகளாக நடந்துகொள்கின்றன. நடுக்கம்பியிலும் உள்முகத்திலும் சமமான மின்னோட்டங்கள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இருமுனை ஆன்டெனாவின் நடுவே கேபிள் முடியுமிடத்தில் உள்முக மின்னோட்டத்திற்கு இரு வழிகள் திறக்கின்றன: ஒன்று ஆன்டெனாவின் கை, மற்றொன்று வெளிமுகத்தின் வழியே மீண்டும் வீட்டை நோக்கி. இரண்டாம் வழி எவ்வளவு எளிதோ அவ்வளவு மின்னோட்டம் அதில் இறங்கும். 7 மெகாஹெர்ட்ஸின் அரை அலைநீளம் சுமார் 21 மீட்டர். கீழே நிலத்தில் இணைத்த கேபிளின் நீளம் அதை ஒட்டியிருந்தால் அவ்வழி மிக எளிது. மாடிவீடு ஒன்றில் அந்த நீளம் அரிதன்று.

அப்போது கேபிளே ஆன்டெனாவின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. அனுப்பும்போது அலை அண்டைவீட்டு ஒலிபெருக்கிக்குள் புகுகிறது, வாங்கும்போது எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் இரைச்சலை வெளிமுகம் ஏந்தி மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முன்னதில் அண்டைவீட்டாருடன் பிணக்கு. வாடகைக்கு இருப்பவராயின் கம்பியையே அவிழ்க்க நேரும். பின்னது அதனினும் கேடானது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் நிலையம் வெளியுலகோடு தொடர்பைக் காத்தது. அத்தகைய நேரத்தில் வரும் நலிந்த குரல் தன் வீட்டு விளக்கின் இரைச்சலில் மூழ்குமானால் உரிமம் பெற்றிருந்து என்ன பயன்?

இந்நிகழ்வுக்கு ஆங்கிலத்தில் ‘காமன் மோட்’ என்று பெயர். அதைப் ‘பொதுமுறை மின்னோட்டம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது எளிது, விளைவு நன்றன்று. தமிழில் ‘பொது’ என்பது வழக்கமானதையும் குறிக்கும். பொதுமுறை என்றால் இயல்பாக நடப்பதென்றே மாணவர் கொள்வார். இயல்பானதை ‘எதிரோட்டம்’ என்றும், கேபிள் முழுவதும் ஒரே கம்பிபோல் ஒரு திசையில் சுமப்பதை ‘உடனோட்டம்’ என்றும் இணையாகப் பெயரிட்டால் சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடும். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் சித்தூர்ப் பகுதி வகுப்பறைகளில் இத்தகைய விளக்கச் சொற்களின் தேவை இன்னும் மிகுதி.

தீர்வுக்குரிய சொல்லோ ஏற்கெனவே வீடுகளில் உள்ளது: சோக்கு. குழல்விளக்கின் சோக்கு போலவே இதுவும் ஓட்டத்தை மட்டுப்படுத்துகிறது, உடனோட்டத்தை மட்டும். 31 வகை ஃபெரைட்டாலான 2.4 அங்குல வளையத்தில் மெல்லிய கேபிளைப் பன்னிரண்டு சுற்று அளவில் சுற்றினால், 7 மெகாஹெர்ட்ஸில் சில ஆயிரம் ஓம் மின்னெதிர்ப்பு கிடைக்கும். ஒரே ஒரு ஃபெரைட் மணியைக் கேபிளில் கவ்வவிடுவது சில பத்து ஓம் அளவிலேயே நிற்கும், ஏறத்தாழ அணிகலன்தான். ஃபெரைட் இல்லாத வெற்றுச் சுருளையும் நம்பியிருக்க இயலாது, அதன் மின்மறுப்பைக் கேபிளின் எதிர் மின்மறுப்பு நீக்கிவிடக்கூடும். வளையம் இருக்கவேண்டிய இடம் மேலே, ஆன்டெனாவுடன் கேபிள் சேருமிடம். கீழே நிலத்தில் அடித்த தண்டு மின்னலுக்கு இன்றியமையாதது. உடனோட்டத்தை அது தடுப்பதில்லை, சிலவேளை வழியை எளிதாக்கவும் செய்யும்.

உடனோட்டம் உண்டா என்று அறியச் செலவில்லை. குறைந்த திறனில் அனுப்பிக்கொண்டே கேபிளின் கிடையை மாற்றி, அல்லது அதன் உறைமீது கையால் பற்றி, மீட்டரைப் பார்க்கவேண்டும். முள் நகர்ந்தால், வெளிமுகத்தில் மின்னோட்டம் இருக்கிறது. நகராமை மட்டும் அது இல்லை என்பதற்குச் சான்றாகாது.