சுங்கச் சாவடியில் திருடனும் யோக்கியனும்

அமெரிக்காவில் திருடனென்று கைதானவனுடைய கைப்பேசியைக்கூடப் போலீசார் வாரண்டு இல்லாமல் சோதிக்கலாகாதென்று 2014-இல் ரைலி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் யாதொரு குற்றமும் செய்யாத பிரயாணி விமானத்தை விட்டு இறங்கினால், சந்தேகமே இல்லாமலும் அவருடைய கைப்பேசியைப் புரட்டிப் பார்க்கலாமென்கின்றது எல்லை இலாகாவின் உத்தரவு! 2024 நிதியாண்டில் மாத்திரம் 47,000-க்கு மேற்பட்ட கருவிகள் சோதிக்கப்பட்டன. திருடனுக்குள்ள மரியாதை யோக்கியனுக்கு இல்லையா?

பெட்டியைத் திறப்பது போலத்தானே என்கின்றார்கள். பெட்டியில் வேஷ்டி, சட்டை இருக்கும், மிஞ்சினால் ஊறுகாய். கைப்பேசியிலோ மனைவிக்கு எழுதிய கடிதமும், வைத்தியர் சீட்டும், சர்க்காரைக் கண்டித்த பேச்சும் இருக்கின்றன. திறக்க மறுத்தால் சொந்தப் பிரஜையின் கருவியைப் பிடித்து வைத்துக் கொள்ளலாம். அன்னியனைத் திருப்பியே அனுப்பிவிடலாம். கள்ளக்கடத்தலைப் பிடிக்கத்தான் இது என்றால், காரணம் காட்டி நீதிபதியிடம் வாரண்டு வாங்குவதற்கு என்ன தடை என்று நாம் கேட்கின்றோம்.