பேச்சு போனால் அறிவும் போயிற்றா?

வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் பக்கவாதம் கண்டு நா எழவில்லையெனில், "புத்தி மாறிவிட்டது" என்று சுற்றத்தார் முடிவுகட்டி விடுகின்றனர். படகை விற்பதும், மகளுக்கு வரன் பேசுவதும் அவர் கண்ணெதிரே, அவரைக் கேளாமலே நடைபெறுகின்றன. பல வேளைகளில் இது தவறான முடிவாகும். ஏன் என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

பெருமூளையைப் போர்த்தியுள்ள சாம்பல் நிற மேற்படலத்திற்குப் புறணி என்று பெயர். அதன் கனம் 2 முதல் 4 மில்லிமீட்டரே. ஆயினும் அதில் பகுதிக்கொரு பணி உண்டு. பார்வைக்குப் பின்புறம், கேள்விக்குக் காதோரம். உச்சியிலிருந்து இருபுறமும் இறங்கும் ஒரு பட்டை தசைகளை இயக்குகின்றது. அதற்கு அடுத்த பட்டை தொடுவுணர்வைப் பெறுகின்றது. இவற்றுள் வலை பின்னும் விரல்களுக்கும் நாவுக்கும் உள்ள இடம், முதுகு முழுவதற்கும் உள்ளதைவிடப் பெரிது.

1861ஆம் ஆண்டு பாரிசு நகரில் புரோக்கா என்னும் மருத்துவர், "டான்" என்ற ஒரே அசையை மட்டும் சொல்லவல்ல நோயாளியைக் கண்டார். அவர் இறந்தபின் ஆராய்ந்தபோது, மூளையின் இடப்புற முன்பகுதி பழுதுற்றிருந்தது. சொல்லைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும் பகுதி சற்றுப் பின்னே உள்ளதென 1874இல் வெர்னிக்கே காட்டினார். பின்னர் மாண்ட்ரியாலில் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் புறணியை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு, அதன் வரைபடத்தையே தீட்டினார். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியதே இந்தியாவின் முதல் மூளை அறுவைத் துறை.

ஆகவே, முன்பகுதி மட்டும் பழுதுற்றவர் பேச இயலாவிடினும், நாம் சொல்வதைப் பெரிதும் அறிவார். "ஆம்", "இல்லை" எனத் தலையசைக்கத்தக்க கேள்விகளைக் கேளுங்கள், விடைக்குப் பொறுத்திருங்கள். "தண்ணீர்" என்று கேட்க இயலாதவர், இளமை முதல் சொல்லிவந்த செபத்தைத் தடையின்றிச் சொல்வதும் உண்டு. அதை நடிப்பென்று எண்ணலாகாது. மனப்பாடமான சொல்லுக்கும் பாட்டுக்கும் மூளையின் வேறு பகுதிகளும் துணைநிற்கின்றன.

முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். வாயில் நீரோ மருந்தோ ஊற்றாதீர்கள். இரத்தக் கட்டியால் வந்த வாதமாயின், அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரத்திற்கே 50 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டியுள்ளது. எண்ணெய் தேய்த்துப் பொழுது விடியட்டும் எனக் காத்திருக்கும் வீடு, அந்த நேரத்தை இழந்துவிடுகின்றது.

நா அடங்கிய பெரியவரையும் குடும்ப ஆலோசனையில் அமர்த்துவோம். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.