பெட்டியிலா, கன்னத்திலா?

மடக்குச் சவரக் கத்தி தீட்டத் தீட்டத் தேயும். பிளேடு மாட்டும் ரேசர் அப்படியல்ல. மழுங்குவது பிளேடு, அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம், ரேசர் அப்படியே இருக்கிறது. பழைய சவரக் கருவிகளைச் சேகரிப்பவர்களுக்கும், அவற்றையே வாங்கி அன்றாடம் முகம் மழிப்பவர்களுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் வழக்கில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. அரிய பொருளை அழிக்கிறார்கள் என்பது ஒரு தரப்பு. சவரம் செய்யாத ரேசர் எதற்கு என்பது மறுதரப்பு. கருவி எது, உலோகம் எது, பிடி எதனால் ஆனது என்று பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் மடக்குக் கத்திக்குப் பேர்போன ஊர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும். ஷெஃபீல்டின் பழைய கத்திகள் ஆப்பு மாதிரி கனத்திருக்கும். சோலிங்கன் கத்திகளில் அலகின் இரு பக்கங்களையும் குழிவாகக் கடைந்து மெலிதாக்கியிருப்பார்கள். தீட்டும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். கத்தியைக் கல்லில் படுக்கவைத்தால் கூர்விளிம்பும் முதுகும் சேர்ந்தே கல்லைத் தொடும். விளிம்பு எந்தக் கோணத்தில் கூராகும் என்பதை முதுகின் தடிமன் முடிவுசெய்கிறது. ஆகவே இரண்டும் ஒன்றாகத் தேய வேண்டும் என்பது கத்தி செய்தவரின் கணக்கு. தினமும் தோல்வாரில் இழுப்பதால் இரும்பு அதிகம் போவதில்லை. எப்போதாவது கல்லில் ஏற்றும்போதுதான் போகிறது. நெடுங்காலம் உழைத்த கத்தியின் முதுகில் பட்டையாக ஒரு தேய்மானம் மின்னும்; அலகின் அகலமும் குறுகியிருக்கும். விலை பேசுவதற்கு முன் சேகரிப்பவரின் கண் போவது அந்தப் பட்டைக்குத்தான்.

அலகின் மேல் அமிலத்தால் பொறித்துப் பொன்முலாம் பூசிய எழுத்தோ படமோ உள்ள கத்திகள் இன்னும் நுணுக்கமானவை. துருவைப் போக்கலாம் என்று மெருகுப் பசையிட்டு நாலு தேய்ப்புத் தேய்த்தால் முலாம் போயே போச்சு. முதுகில் அரத்தால் வேலைப்பாடு செய்த கத்திகளும் உண்டு. அவற்றால் சவரம் செய்தே தீருவேன் என்பவர்கள், தீட்டும்போது முதுகில் எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிக்கொள்கிறார்கள். டேப் தேயும், வேலைப்பாடு தப்பும். கோணம் இம்மியளவு கூடும். கன்னத்துக்கு அது தெரியாது.

ஏழு கத்திகள் கொண்ட பெட்டிகளும் அந்தக் காலத்தில் விற்றன. ஒவ்வொரு கத்தியிலும் ஒரு கிழமையின் பெயர் இருக்கும். ஒருநாள் உழைத்த கூர் ஆறு நாள் ஓய்வெடுத்தால் நல்லது என்ற நம்பிக்கைதான் காரணம். இதில் ஒன்றே ஒன்று தொலைந்தாலும் பெட்டியின் மதிப்பு சரியும். ஏழும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் உரியவர் ஒழுங்கானவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு மட்டும் புதுக் கருக்கு அழியாமல் இருந்தால், விடுமுறையில் தாடியோடு இருந்த மனிதர்.

கத்தியைக் கெடுப்பது எப்போதும் உபயோகம்தான் என்றும் சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏராளமான கத்திகளுக்கு செல்லுலாய்டில் பிடி போட்டார்கள். தந்தம், ஆமையோடு போலத் தோற்றம் தரும், விலையும் மலிவு. வயதானால் செல்லுலாய்டு தானே சிதையத் தொடங்கும். அதிலிருந்து வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அலகை அரிக்கும். பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதியில் மட்டும் சொறிசொறியாகத் துரு ஏறியிருந்தால் இதுதான் நோய். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில் வாயு வெளியேற வழியில்லாததால் பக்கத்துக் கத்திக்கும் தொற்றும். பத்திரமாகப் பூட்டிவைத்ததாலேயே பாழான சேகரிப்புகள் உண்டு. செல்லுலாய்டு பிடிகளைத் தனியாகப் பிரித்து, காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டாமல் வைப்பது ஒன்றே வழி. சட்டென்று தீப்பற்றும் பொருள் அது.

பிளேடு ரேசரின் கதை வேறு. அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட், தீட்டவே தேவையில்லாத மெல்லிய தகட்டைப் பிடியிலிருந்து பிரித்தெடுக்கும் யோசனையோடு வந்தார். அத்தனை மெல்லிய எஃகைக் கூராக்கும் இயந்திரத்தை உருவாக்கியவர் பொறியாளர் வில்லியம் நிக்கர்சன். விற்பனை தொடங்கிய 1903-இல் போனது 51 ரேசர், 168 பிளேடு. காப்புரிமை 1904-இல் கிடைத்தது. அந்த ஆண்டே ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. பழசு என்றாலே அரிது என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும். லட்சக்கணக்கில் செய்த பித்தளை ரேசரில் ஒன்றை ஒருவர் சவரத்துக்கு எடுத்துக்கொண்டால் வரலாற்றுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

இந்த ரேசர்களைப் பழுதாக்குவது சவரமல்ல, கைதவறல். குளியலறைத் தரையில் விழுந்தால் சீப்புப் பல் வளையும், தலையின் மூலை நசுங்கும், பிளேடு கோணலாக உட்காரும். இந்தத் தொல்லை ஜில்லெட் கம்பெனிக்கே தெரிந்திருந்தது: 1930-இல் வந்த புதிய ரேசருக்கான பிளேடில் நான்கு மூலைகளையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்று கடையில் வாங்கும் பிளேடிலும் அந்த வெட்டு இருக்கிறது. நம் ஊர் சலூன்களில் பாதியாக உடைத்துக் கத்தியில் செருகுவதும் இதே பிளேடைத்தான்.

சேகரிப்பவரும் உபயோகிப்பவரும் ஒரே பொருளுக்குப் போட்டியிடும் இடம் 1958 முதல் 1961 வரை வந்த ஜில்லெட்டின் 'ஃபேட் பாய்' ரேசர். தடித்த பிடி, கழுத்தில் 1 முதல் 9 வரை எண்ணிட்ட வளையம். வளையத்தைத் திருப்பினால் பிளேடுக்கும் தடுப்புக்கும் உள்ள இடைவெளி கூடும், குறையும். மென்மையான தோலுக்குச் சிறிய எண், முரட்டுத் தாடிக்குப் பெரிய எண். அடிமுனையைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் திறக்கும். 1951 முதல் ஜில்லெட் தன் அமெரிக்க ரேசர்களில் ஆண்டுக்கு ஓர் எழுத்தும் காலாண்டுக்கு ஓர் எண்ணும் பொறித்தது. 'இ2' என்றால் 1959-இன் இரண்டாம் காலாண்டு. தான் பிறந்த காலாண்டின் ரேசரால்தான் சவரம் செய்வேன் என்று தேடுபவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பில் சேர்ப்பதா, உபயோகத்தில் சேர்ப்பதா, ஜாதகத்தில் சேர்ப்பதா தெரியவில்லை.

மறுமுலாம் பூசுவதில்தான் இரு தரப்பும் முட்டிக்கொள்கின்றன. தேய்ந்த நிக்கலைச் சுரண்டிப் புதிதாக முலாம் ஏற்றினால் ரேசர் இன்னும் பல காலம் உழைக்கும். சேகரிப்பவர் கணக்கில் அது போலிக்கு ஒரு படிதான் மேல். முலாம் அரைகுறையாக நிற்கும் சாதாரண ரேசருக்கு இதில் தயங்க ஒன்றுமில்லை. பெட்டி, கையேடு, பிரிக்காத பிளேடு உறையோடு கிடைத்ததைத் தொடக்கூடாது. பொன்முலாம் ரேசரை எந்தத் தரப்பினரும் பற்பசையால் தேய்க்கக்கூடாது. வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும் மென்மையான பிரஷும் போதும்.

உபயோகிக்க நினைத்தாலும் முடியாதவை சில. பிரிட்டனின் ரோல்ஸ் ரேசர் பெட்டியில் ஒரு மூடியில் கல், மறுமூடியில் தோல். கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் தடித்த அலகு பெட்டிக்குள்ளேயே தீட்டப்படும். அழகான இயந்திரம். அதைச் செய்த கம்பெனி பிற்காலத்தில் வாஷிங் மெஷின் விற்கப் போய் 1964-இல் கவிழ்ந்தது. இன்று அலகு தேய்ந்துவிட்டால் பழைய இருப்பில் தேட வேண்டியதுதான்.

வீட்டுப் பரணில் தாத்தாவின் ஷேவிங் செட் இருந்தால் தலையைக் கழற்றி, முலாம் போன இடத்தைப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. கழுவி, புது பிளேடு போட்டு நாளைக்கே சவரம் செய்யலாம். சாம்பல் நிறத்தில் புள்ளிப்புள்ளியாக அரித்திருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. ஈரம் படாமல் துடைத்துப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.