ஓட்டு வீடும் ‘காட்டேஜ்’ மோகமும்

சென்ற ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழு இடங்களில் பாத்திரம் வைத்தோம். எண்ணியவன் நான்தான். என் அப்பாயி படுத்திருந்த கட்டிலை மட்டும் ஒரே இரவில் மூன்று முறை நகர்த்தினோம். மயிலாடுதுறைக்குக் கிழக்கே, என் கொள்ளுத்தாத்தா 1938-ல் கட்டிய வீடு அது. செங்கல்லும் களிமண் சாந்தும் சேர்ந்த சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு, முன்னால் இரண்டு திண்ணை, நடுவே முற்றம்.

மழை விட்ட மறுநாளே வீட்டில் மாநாடு கூடிவிட்டது. “பேசாம இடிச்சுத் தளம் போட்டுடுங்க மச்சான்” என்றார் என் மாமா. சென்னையிலிருக்கும் சித்தப்பா மகனோ கைப்பேசியில் படம் அனுப்பினான். வெள்ளை மரவேலி, வாசலில் வளைந்தேறும் ரோஜாக்கொடி, பூப்போட்ட திரைச்சீலை, புகைக்கூண்டு! “பெரியப்பா, இதுக்குப் பேர் காட்டேஜ் ஸ்டைல். முன்பக்கத்தை இப்படி மாத்திடலாம்” என்று எழுதியிருந்தான். நடுக்கோடை வெயிலில் உருகும் எங்கள் ஊருக்குப் புகைக்கூண்டு எதற்கு என்று கேட்டேன். “அது அழகுக்கு” என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

காட்டேஜ் என்பது ஆங்கில நாட்டுக் கூலியுழவனின் குடிசை. டெவன் பகுதியில் மண்ணையும் வைக்கோலையும் மிதித்துச் சுவர் எழுப்பினார்கள். வேறிடங்களில் மரச்சட்டத்துக்குள் மிலாறு பின்னி மண் அப்பினார்கள். கூரைக்கு வைக்கோலோ நாணலோ வேய்ந்தார்கள். கைக்கெட்டிய பொருளால் கட்டப்பட்ட ஏழை வீடு அது. அந்த ஏழ்மையைச் செல்வர்கள் பிற்காலத்தில் அலங்காரமாக அணிந்துகொண்டார்கள். பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் 1783 முதல் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் தனக்கென ஒரு விளையாட்டுச் சிற்றூரையே கட்டுவித்தாள். புதுச் சுவர் பழஞ்சுவராகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் விரிசலை வண்ணத்தால் தீட்டினார்களாம்! உண்மையான விரிசலோடு உழவர்கள் வாழ்ந்த நாட்டில் நடந்தது இது. 1811-ல் பிரிஸ்டல் அருகே ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் பிளேஸ் ஹாம்லெட் என்ற பெயரில் ஒன்பது சிறு வீடுகளை ஒரு புல்வெளியைச் சுற்றி அமைத்தார். அவை ஒரு வங்கியாளரின் பண்ணையில் உழைத்து ஓய்ந்த வேலையாட்களுக்காகக் கட்டப்பட்டவை. ஆகவே அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் அதே இங்கிலாந்தில் வேறொரு குரலும் எழுந்தது. 1877-ல் வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர் நண்பர்களுடன் சேர்ந்து பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பழைய பூச்சைச் சுரண்டி எறிவதும், இல்லாத பழமையைப் புதிதாகச் செய்து ஒட்டுவதும் கூடாது. இருப்பதை நாள்தோறும் பேணுங்கள், ஒழுகும் இடத்தை அடையுங்கள் என்பது அவர்கள் கட்சி. சித்தப்பா மகன் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியது ரோஜாக்கொடியை அல்ல, இந்தக் கருத்தை என்று நான் வீட்டில் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. அப்பா அடுத்த நாள் கொத்தனாரை அழைத்து வந்தார்.

வயதான கொத்தனார் அவர். முன்சுவரின் அடிப்பாகத்தை விரலால் தட்டிப் பார்த்தார், பொக்கென்று ஒலித்தது. பத்தாண்டுகளுக்கு முன் அப்பா ஆசையாகச் சிமெண்டு பூசிய சுவர்தான் இது. முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. அதே காலத்துப் பின்சுவர், சுண்ணாம்புப் பூச்சோடு, பல்லில்லாத கிழவிபோல் கறுத்திருந்தாலும் உறுதியாக நிற்கிறது. காரணம் எளிது. மண் சாந்துச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சின் வழியே அந்த ஈரம் வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்டுப் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் சுவரைத் தின்னும். டெவன் மண்வீடுகளுக்கும் சிமெண்டு பூசி இதே கேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் படித்ததைச் சொன்னதும், கொத்தனார் “அங்கேயுமா தம்பி?” என்று சிரித்தார். லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-ல். அது நல்ல பொருள்தான். அணைக்கும் பாலத்துக்கும் அது இல்லாமல் முடியாது. எல்லா நோய்க்கும் அதையே மருந்தாக்கியதுதான் நம் பிழை.

கூரைக்கு வருவோம். நாட்டு ஓட்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வேய்வதால் இடையில் காற்று தங்குகிறது. சூடு எளிதில் இறங்காது. கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் நம்மேல் கக்குகிறது. சித்திரை மாதத்தில் தளம் போட்ட வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கடற்கரைச் சாலையோர விடுதிகளில் இதே ஓட்டுக் கூரையைக் ‘காட்டேஜ்’ என்று பெயரிட்டு நாள்வாடகைக்கு விடுகிறார்கள். இடித்த வீடுகளின் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலை போகின்றன. நாம் வெட்கப்பட்டு எறிந்ததைப் பிறர் பெருமையோடு வாங்கிச் செல்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரு மாலை கூடத்தில் நின்று மேடைப்பேச்சுப்போல் முழங்கினேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்தார்.

“திண்ணை ஒனக்கு. முற்றம் அப்பாயிக்கு. அடுப்படி யாருக்குடா?” என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். எங்கள் அடுப்படிக்கு ஒரே ஒரு கைச்சாளரம். எரிவாயு அடுப்பு வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். கரி படிந்த பரணிலிருந்து மழைக்காலத்தில் கறுப்பு நீர் சொட்டும். ஓட்டில் குரங்கு ஏறினால், அடுத்த மழைக்குள் ஆள் தேடி ஓடு மாற்றுவதும் அம்மாவின் கவலை. எண்பத்திரண்டு வயது அப்பாயி இரவில் கொல்லைக்குப் போக இருட்டில் பதினைந்து தப்படி நடக்க வேண்டும். பழமையைப் போற்றும் கட்டுரைகளில் இந்தப் பதினைந்து தப்படி வருவதில்லை. என் முழக்கத்திலும் வரவில்லை. வீட்டின் அழகைப் பேசுகிறவன் அந்த வீட்டில் வேலை செய்கிறவளிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அதன்பிறகு என் கட்சியை நான் கைவிடவில்லை; திருத்திக்கொண்டேன். பழையதை அப்படியே வைப்பதும் வேண்டாம், இடித்துத் தள்ளுவதும் வேண்டாம். எது உழைக்கிறதோ அது இருக்கட்டும், எது வருத்துகிறதோ அது மாறட்டும். இதற்கு வழிகாட்டி நம் அருகிலேயே இருந்தார். பர்மிங்காமில் 1917-ல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர். 1989-ல் இந்தியக் குடியுரிமை பெற்றவர். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதி, கம்பியைப் பொதிந்து வைப்பதைத் தவிர அதிகம் சுமப்பதில்லை. அந்த இடத்தில் கம்பிகளுக்கிடையே பழைய சீமை ஓடுகளை வைத்து நிரப்பினால் சிமெண்டு மிச்சம், எடை குறைவு, சூடும் குறைவு. செங்கல்லைக் குத்திட்டு நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் கட்டினால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். இவற்றைப் பேக்கர் மாளிகைகளுக்கு மட்டுமன்றி மீனவர் வீடுகளுக்கும் செய்துகாட்டினார். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே செய்துகாட்டியது. எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மாமா கொடுத்த கணக்குப்படி இடித்துக் கட்டப் பதினெட்டு லட்சம். கொத்தனார் கணக்குப்படி பழுதுபார்க்க ஐந்தரை லட்சம். வைகாசியில் அக்காள் திருமணம். கடன் வாங்காமல் இரண்டும் நடக்க வேண்டுமென்றால் எந்தக் கணக்கு என்று அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழகுணர்ச்சி தோற்ற இடத்தில் அரிச்சுவடிக் கணக்கு வென்றது!

முடிவு இதுதான். அடுப்படி புதிதாகிறது: ஓடு பதித்த தளம், இரண்டு பெரிய சாளரம், புகை போக உண்மையிலேயே ஒரு புகைக்கூண்டு. (சித்தப்பா மகனுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன்.) அப்பாயி அறையை ஒட்டிக் கழிப்பறை. கூடத்துக் கைமரங்களில் செல்லரித்த நான்கை மாற்றி, அதே ஓட்டைத் திரும்ப வேய்கிறோம். உடைந்த ஓட்டுக்குப் புது நாட்டு ஓடு கிடைக்கவில்லை. பக்கத்து ஊரில் இடித்த வீட்டிலிருந்து ஒரு வண்டி வாங்கினோம். முன்சுவர்ச் சிமெண்டைக் கொத்தி எடுத்தாயிற்று. இரண்டு திண்ணைகளில் ஒன்றை அப்பாவின் வண்டி ஏறும் சரிவுக்காக இழந்தேன். அந்த வழக்கில் எனக்குத் தோல்விதான்.

கொல்லையில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பு ஊறப் போட்டிருக்கிறார் கொத்தனார். விடுமுறைக்குப் போனால் அதைக் கிளறும் வேலை எனக்கு. பங்குனிக்குள் பூச்சு முடிய வேண்டும்.