மருந்துச் சீட்டை யார் படிக்கிறார்கள்?

காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கு,



திண்டுக்கல்லில் மருந்து வணிகம் பற்றிய ஆராய்ச்சி ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. நடத்துகிறவர்கள் மருந்துக் கம்பெனிகள். அவற்றின் விற்பனைப் பிரதிநிதிகளான ரெப் தம்பிகள் கடைக்கு வருவார்கள். எந்த டாக்டர் எந்த பிராண்டை எழுதுகிறார், வாரத்துக்கு எத்தனை அட்டை போகிறது, போட்டிக் கம்பெனிக்கு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். தொழிலில் இதை ஆர்.சி.பி.ஏ. என்பார்கள். சில்லறைக் கடையில் வைத்து மருந்துச் சீட்டுகளைத் தணிக்கை செய்வது. அந்தக் குறிப்பு ஏரியா மேனேஜருக்குப் போகும், அங்கிருந்து மேலே போகும். அடுத்த மாதம் எந்த டாக்டரை எத்தனை முறை பார்ப்பது, யாருக்கு என்ன செய்வது என்பது அதைக் கொண்டு முடிவாகும். மொத்த வியாபாரிகளின் விற்பனைக் கணக்கைத் திரட்டி விற்பதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. நாகல்நகரில் ஒரு அம்மா சர்க்கரைக்கு வாங்கும் மாத்திரை மும்பையில் ஒரு புள்ளிவிவரமாகப் பதிவாகிவிடுகிறது. அந்த அம்மாவுக்கும், அவர் ஊர்ப் பஞ்சாயத்துக்கும், அவர் பேத்தி படிக்கும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் மட்டும் அந்தக் கணக்கு தெரியாது.

நான் இந்த ஊரில் நெடுநாள் மருந்துக்கடை நடத்திய மருந்தாளுநர். இந்தக் கணக்கை மக்கள் பக்கம் நின்று எடுக்கும் வேலையைக் காந்திகிராமம் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

காந்திகிராமத்திடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1947-ல் அதை ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து தொடங்கிய சௌந்தரம் அம்மா ஒரு டாக்டர். டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்துவிட்டு, நகரத்தில் பெரிய மருத்துவராக இருந்திருக்கக்கூடியவர், சின்னாளபட்டிக்கும் அம்பாத்துறைக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கஸ்தூரிபா மருத்துவமனை அவர் வைத்துவிட்டுப் போனது. 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய சுகாதார முன்னோடித் திட்டம், கிராமத்துக் குடும்பங்களின் பிறப்பையும் உடல்நலத்தையும் வட்டார அளவில் கூர்ந்து பார்த்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் வழக்கம் உங்கள் மண்ணில் ஏற்கெனவே உண்டு. உங்கள் மாணவர்கள் இன்றும் கிராமங்களில் தங்கிப் பணி செய்கிறார்கள். வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இதை முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கும்.

மருந்து வணிகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எப்படித் தெரிந்தன என்று பாருங்கள். சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கை எடுத்துக்கொள்கிறேன். ‘ஜிங்கோவிட்’ என்ற அவர்களின் சத்து மாத்திரையை நம் ஊரில் அறியாதவர் குறைவு. அதைப் பிரபலப்படுத்த டாக்டர்களுக்கு விருந்தோம்பல், மாநாட்டுக் கட்டணம், தங்கக்காசு, எல்சிடி டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப் என்று கொடுத்த வகையில் சுமார் 4.73 கோடி ரூபாயை வியாபாரச் செலவாகக் காட்டி, 2010-11 மதிப்பீட்டு ஆண்டுக்கு வரிக்கழிவு கேட்டது கம்பெனி. வருமான வரித்துறை மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. டாக்டர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் விதி போட்டது உண்மைதான், ஆனால் அது டாக்டர்களைத்தான் கட்டுப்படுத்தும், கொடுக்கிற எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது கம்பெனியின் வாதம். 2022 பிப்ரவரி 22 அன்று நீதிபதிகள் யு.யு. லலித்தும் எஸ். ரவீந்திர பட்டும் அதை ஏற்க மறுத்தார்கள். வாங்குவது குற்றமானால் கொடுப்பதற்கு வரிச்சலுகை கேட்க முடியாது என்றார்கள். இந்தப் பரிசுகளின் செலவு மருந்தின் விலையில் ஏறி, கடைசியில் நோயாளியின் தலையில் விழுகிறது என்பதையும் தீர்ப்பிலேயே எழுதினார்கள்.

நல்ல தீர்ப்பு. ஆனால் என் மனதைக் குடைவது வேறு. இத்தனை விவரமும் வெளியே வந்தது ஒரு வரித்தகராறில். கம்பெனி கழிவு கேட்காமல் இருந்திருந்தால் தங்கக்காசைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். எந்த ஆராய்ச்சி மாணவரும் அதைத் தேடிப்போய்க் கண்டுபிடிக்கவில்லை.

வரித்தகராறு வராத இடத்தில் சாவு வந்து சொல்கிறது. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் ஃபார்மா தயாரித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் மருந்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சென்னை ஆய்வகம் அந்த மருந்தில் கண்டது 48.6 சதவீதம். இதே நஞ்சுக்குச் சென்னையில் 1972-லேயே குழந்தைகளைப் பறிகொடுத்தோம். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நோயாளிகளைப் பறிகொடுத்தோம். தரச் சோதனை, உரிமம், கைது பற்றி எல்லாரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஒரு கடைக்காரனாக எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. சுங்குவார்சத்திரத்தின் ஒரு சிறிய கம்பெனியின் பாட்டில், நாட்டில் இத்தனை இருமல் மருந்துகள் இருக்கும்போது, எந்த வழியாக அவ்வளவு தூரத்துச் சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தது? எந்த ஸ்டாக்கிஸ்ட் எடுத்தார், என்ன ரேட், என்ன ஆஃபர், எழுதியவருக்கு என்ன கிடைத்தது? அதை எழுதிக்கொடுத்த மருத்துவர் தரகு பெற்றதாகக் காவல்துறை நீதிமன்றத்தில் சொன்னது. அது நிரூபணமாகலாம், ஆகாமல் போகலாம். நஞ்சு எதில் கலந்தது என்பதை ரசாயனம் சொல்லிவிடும். அந்தப் பாட்டில் ஏன் அந்தக் குழந்தையின் கைக்கு வந்தது என்பதை மருந்து வணிகத்தைப் படித்தவர்தான் சொல்ல முடியும். அப்படிப் படித்தவர்களை நாம் உருவாக்கவில்லை.

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. நோபஜித் ராய், நேஹா மதிவாலா, சஞ்சய் பாய் ஆகியோர் மும்பையில் டாக்டர்கள், கடைக்காரர்கள், கம்பெனி அதிகாரிகள், ரெப்கள் என்று நாலு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, மருந்து எப்படித் தள்ளப்படுகிறது என்று 2007-ல் எழுதினார்கள். பெரிய பணம் கேட்கும் ஆய்வு அன்று. பொறுமையும் துணிவும் கேட்கும் ஆய்வு. சக்திவேல் செல்வராஜும் கூட்டாளிகளும் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். கைக்காசு போட்டு வைத்தியம் பார்த்ததால் 2011-12-ல் வறுமைக்கோட்டுக்குக் கீழே விழுந்தவர்கள் 5.5 கோடிப் பேர், அதில் 3.8 கோடிப் பேர் மருந்துச் செலவு ஒன்றாலேயே விழுந்தவர்கள் என்று 2018-ல் காட்டினார்கள். படுக்கைக் கட்டணமும் ஆபரேஷனும்தான் குடும்பத்தைக் கவிழ்க்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த எண் ஒரு பாடம். மாதாமாதம் வாங்கும் மாத்திரை கவிழ்க்கிறது.

லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் பேட்ரிஷியா மெக்கெட்டிகனும் குழுவினரும் நம் நாட்டின் கூட்டு மருந்துகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கிறார்களே, அவை. அவர்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மத்திய ஒப்புதல் பதிவே இல்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. என் கடை அலமாரியிலும் அவற்றில் பல இருந்தன. அந்த ஆய்வுக்கு வேண்டிய விற்பனைத் தரவை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? மருந்து வியாபாரிகள் சங்கத்தோடு சேர்ந்த தரவு நிறுவனத்திடமிருந்து. நம் நோயாளிகளின் கணக்கை ஆராய, கடல் கடந்த பல்கலைக்கழகமும் வியாபாரத் தரவையே நம்ப வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 2010-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுப்பவற்றை அரசிடம் சொல்ல வேண்டும், அதை யாரும் தேடிப் பார்க்கலாம். 2014 முதல் அந்தப் பட்டியல் பொதுவில் இருக்கிறது. அதை வைத்துச் சுமார் 2,80,000 மருத்துவர்களைப் பற்றி 2016-ல் ஒரு ஆய்வு வந்தது. கொடுத்தவற்றில் பெரும்பகுதி வெறும் சாப்பாடு, சராசரியாக 20 டாலருக்கும் குறைவு. ஒரே ஒரு வேளை சாப்பிட்டவர்கள்கூட சாப்பாடு கொடுத்த கம்பெனியின் பிராண்டை மற்றவர்களைவிட அதிகம் எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறது என்ற அளவில் நிறுத்தினார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. டாக்டர்களைத் திட்டுவதற்கு ஆய்வு வேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கதவு திறந்த டாக்டர்களை இந்த ஊரில் நான் அறிவேன்.

நம் நாட்டில் 2024 மார்ச்சில் மருந்துச் சந்தைப்படுத்தலுக்கான சீரான நடத்தைவிதி வந்திருக்கிறது. பரிசு கூடாது, உல்லாசப் பயணம் கூடாது என்கிறது. புகார் வந்தால் விசாரிப்பது கம்பெனிகளின் சங்கமே அமைக்கும் குழு. டாக்டர்வாரியான பொதுப் பட்டியல் கிடையாது. ஆகவே உண்மை தெரிய வேண்டுமானால் யாராவது களத்தில் இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

என்ன எடுக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் விலை. ஒரே மெட்ஃபார்மின், ஒரே அம்லோடிபின், ஒரே அளவு. பேகம்பூரில் ஒரு கடையில், வேடசந்தூரில், நிலக்கோட்டையில், முதல்வர் மருந்தகத்தில், ஜன் ஔஷதியில் என்ன விலை? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைத்ததா, அன்று இருப்பு இருந்ததா? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாகக் கொள்முதல் செய்து, பரிசோதித்து, மருத்துவமனைகளுக்குப் பாஸ்புக் போட்டு மருந்து வழங்குவதை நாடே பார்த்துக் கற்றது. அப்படியிருந்தும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சுமைக்காரர் ஏன் வெளியில் காசு கொடுத்து வாங்குகிறார்? கூட்டம், நேரம், நம்பிக்கை, ஊசி போட்டால்தான் கேட்கும் என்ற பழக்கம் எல்லாம் கலந்த பதில் அது. அவரிடம் போய் உட்கார்ந்து கேட்டால்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

அடுத்தது எங்கள் பக்கத்துக் கதை. அதை மறைத்துவிட்டு டாக்டர்களை மட்டும் ஆராயச் சொல்வது நியாயமில்லை. விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்குக் கடைக்காரரின் லாபம் 16 சதவீதம் என்று வைத்து உச்சவரம்பு போடுகிறார்கள். பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கம்பெனி தொடக்க விலையைத் தன் இஷ்டத்துக்கு வைக்கலாம். பிறகு ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். இதில் ‘டிரேட் ஜெனரிக்’ என்று ஒரு வகை. ரெப் கிடையாது, டாக்டருக்குச் செலவு கிடையாது, நேராகக் கடைக்கு வரும். வாங்கும் விலையைப் போலப் பல மடங்கு எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கும். அந்த இடைவெளி முழுவதும் கடைக்கான தூண்டில். சில கடைக்காரர்கள் பாதி விலைக்குத் தருவார்கள், சிலர் அச்சடித்த விலையையே வாங்குவார்கள். “காய்ச்சல், ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்கண்ணே” என்று சீட்டில்லாமல் வந்து நிற்பவருக்கு எந்த அட்டை கைக்கு வரும் என்பதை அந்த இடைவெளிதான் தீர்மானிக்கிறது. பொருளாதாரம் படிக்கும் ஒரு மாணவிக்கு இதைவிடக் கூர்மையான ஆய்வுப்பொருள் கிடைப்பது அரிது. ரெப்களையும் விட்டுவிடாதீர்கள். டார்கெட் நெருக்கடியில் மாதக்கடைசியில் அவர்கள் படும் பாட்டை அவர்கள் வாயால் கேட்டு எழுத வேண்டும்.

இதற்குக் கம்பெனிப் பணம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். ஐயா, இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். டொரான்டோவில் நான்சி ஒலிவியரி என்ற டாக்டர், தலசீமியாக் குழந்தைகளுக்கான ஒரு மருந்தை அபோடெக்ஸ் கம்பெனியின் ஆதரவோடு ஆராய்ந்தார். மருந்தில் ஆபத்து இருப்பதாகத் தோன்றியதும் நோயாளிகளிடம் சொல்ல முனைந்தார். 1996-ல் கம்பெனி ஆய்வை நிறுத்தி, வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. அதே காலத்தில் அவருடைய பல்கலைக்கழகம் அந்தக் கம்பெனியிடம் பெருந்தொகை நன்கொடைக்குப் பேசிக்கொண்டிருந்தது. அது அவருக்கு வேண்டிய துணையாக நிற்கவில்லை. நம் ஊரில் ஆராயப் போகிறவர் நிரந்தர வேலை இல்லாத ஆய்வு மாணவராக இருப்பார். அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால் பல்கலைக்கழகம் பதில் சொல்லும் என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நோயாளியின் பெயரும் டாக்டரின் பெயரும் வெளியே போகாது என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம்.

முடிவுகள் தமிழில் வர வேண்டும். ஆங்கில இதழில் வரட்டும், அதோடு நிற்க வேண்டாம். ஒரு மாத்திரைக்கு நம் மாவட்டத்தில் எத்தனை விலை என்ற பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட்டால், அந்த ஊர் மக்களே அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்.

ஆத்தூர் வட்டாரத்தில் சில கிராமங்களோடு தொடங்கலாம். ஒரு ஆசிரியர், சில மாணவர்கள், ஒரு மருந்தாளுநர் போதும். என் கடையின் பழைய கொள்முதல் பில்களைக் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி, என்ன ரேட், பத்துக்கு எத்தனை இலவசம், என்ன எம்.ஆர்.பி. என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. நோயாளிகள் பெயர் எதிலும் இல்லை. உங்கள் பொருளாதாரத் துறையிலிருந்து யாரையாவது அனுப்புங்கள், எடுத்துக் கொடுக்கிறேன். பில் படிக்கத் தெரியாத மாணவர்களுக்கு உட்கார்ந்து சொல்லியும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திண்டுக்கல்.